ஓடை கலங்கினால் மேட்டைப் பார்

மூடி உள்ள ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கைப்பிடி மண்ணைப் போட்டு, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி மேசைமேல் வையுங்கள். பெருமணல் நீங்கள் கையை எடுப்பதற்குள் அடியில் உட்கார்ந்துவிடும். நுண்மணலுக்கு அரை நிமிடம் போதும். அதற்கு மேலே பழுப்பாக நிற்கும் தண்ணீர்தான் பொறுமையைச் சோதிக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பருமனுள்ள துகள், 20 சென்டிமீட்டர் உயரப் பாட்டிலின் அடியைத் தொட அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதிலும் ஐந்தில் ஒரு பங்கே இருக்கும் களிமண் துகளுக்குச் சுமார் 15 மணி நேரம் ஆகும். மறுநாள் காலையில் வந்து பார்த்தாலும் தண்ணீர் முழுக்கத் தெளிந்திருக்காது.

1851இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற அறிவியலாளர் கணக்குப் போட்டுக் காட்டிய விதி இது. துகளின் விட்டம் பாதியானால் அது இறங்கும் வேகம் கால்வாசி ஆகிவிடும். இத்தனைக்கும் பாட்டில் அசையாமல் நிற்கிறது. ஓடையோ ஒரு நொடிகூட நிற்பதில்லை.

ஓடைகளில் வண்டல், அதாவது தண்ணீர் சுமந்துவரும் மண், செய்கிற தொல்லைகளில் பெரும்பகுதி இந்தப் பாட்டிலுக்குள்ளேயே தெரிந்துவிடும். மணலின் தொல்லை அடித்தரையில், களியின் தொல்லை தண்ணீருக்குள். மணலை வழியில் எங்காவது நிறுத்திப் பிடித்துவிடலாம். களி ஒருமுறை கிளம்பிவிட்டால் அதைப் பிடிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஓடைச் சீரமைப்பு என்றதும் பலருக்கு ஓடைக்குள் இறங்கிச் செய்யும் வேலைதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் பாதிக்கு மேற்பட்ட வேலை ஓடைக்கு வெளியே, தண்ணீரே கண்ணில் படாத மேட்டில் நடக்க வேண்டியது.

மண் எப்போது மாசு ஆகிறது?

வண்டல் என்றாலே கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மலையைத் தேய்த்துக் கடலுக்குக் கொண்டுபோவது ஆறுகளின் பிறவிக்குணம். கழிமுகங்களும் கடற்கரை மணலும் கரையோரத்து வளமான நிலங்களும் அப்படி வந்தவைதான். வண்டல் வராமலே போனாலும் கேடு உண்டு. அணைக்குப் பின்னால் மண்ணையெல்லாம் இறக்கிவைத்துவிட்டுத் தெளிந்து வெளியேறும் தண்ணீர், சுமக்க ஒன்றும் இல்லாமல் கீழே உள்ள படுகையையே அரித்துத் தின்னத் தொடங்கும். ஆற்றியல் படித்தவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘பசித்த நீர்’.

ஓடைக்குப் பழகிய அளவைவிடக் கூடுதலாக, பழகாத பருமனில், பழகாத காலத்தில் வரும் மண்ணைத்தான் மாசு என்கிறோம். காலம் என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும். பெருவெள்ளத்தில் இரண்டு நாள் கலங்கி ஓடுவது ஓடையில் வாழும் உயிர்களுக்குப் புதிதல்ல. முட்டைகள் சரளைக்குள் கிடக்கும் மாதத்தில், சாதாரணத் தூறலுக்கே ஓடை கலங்கினால்தான் அவற்றுக்குத் தப்பும் வழி இருக்காது.

அது எப்படி என்று பார்க்க ஒரு கல்லைப் புரட்டினால் போதும். நலமாக உள்ள சிற்றோடையில், சலசலத்து ஓடும் ஆழமில்லாத இடத்தில் இறங்கி, இரண்டு உள்ளங்கை அகலமுள்ள கல்லைத் தூக்குங்கள். எதிர்ப்பே இல்லாமல் எழுந்து வரும். அடிப்பக்கத்தில் தட்டையான உடலோடு நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடி ஒளியும் மேஃப்ளை இளம்பூச்சிகள் இருக்கும். மணல் மணியாகப் பொறுக்கி, தன் வாயில் சுரக்கும் பட்டு நூலால் ஒட்டி, கேடிஸ் என்ற பூச்சியின் புழு கட்டிய சிறு குழாய்க் கூடுகள் இருக்கும். தட்டான்பூச்சியின் இளம்பருவமும் இப்படிப்பட்ட இடுக்குகளில்தான் இரைக்குக் காத்திருக்கும். கற்களுக்கு இடையில் உள்ள வெற்றிடம்தான் இவற்றுக்கெல்லாம் வீடு.

வண்டல் படிந்த ஓடையில் அதே அளவுக் கல்லைத் தூக்கிப் பாருங்கள். சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்குவதுபோல ‘சளக்’ என்று வரும். எடுத்த இடத்தில் கல்லின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். கல்லின் கீழ்ப்பாதி கறுத்து, அழுகல் வாடை அடிக்கும். வீடு இருந்தது, இப்போது இடுக்கெல்லாம் மண் அடைத்துவிட்டது. கல் எவ்வளவு ஆழம் புதைந்திருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் தனியாகவே அளந்து எழுதிவைப்பார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், ஒரு அளவுகோல் போதும்.

மீன்களின் கதை இதைவிடக் கடுமையானது. சால்மன், டிரவுட் இனப் பெண்மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் சரளையை அடித்துப் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, மறுபடியும் சரளையால் மூடிவிடும். வாரக்கணக்கில், குளிர்ந்த நீரில் மாதக்கணக்கில், அந்த முட்டைகள் உள்ளேயே கிடக்கும். சரளைக்கு நடுவே கசிந்து ஓடும் தண்ணீர் கொண்டுவரும் ஆக்சிஜன்தான் அவற்றுக்கு உயிர்மூச்சு. நுண்மண் அந்த இடைவெளிகளை அடைத்தால் முட்டை மூச்சுத் திணறிச் செத்துவிடும். தப்பிப் பொரித்த குஞ்சுகளும் மேலே படிந்த மணல் ஓட்டைத் துளைத்து வெளியே வர முடியாமல் உள்ளேயே முடிந்துவிடுவது உண்டு.

கலங்கல் செய்யும் கேடு இதோடு நிற்பதில்லை. கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீன் பட்டினி கிடக்கும். வெளிச்சம் இறங்காததால் நீர்த்தாவரம் வாடும். ஆழமான மடுக்கள் தூர்ந்தால் கோடையில் மீன் ஒதுங்க இடம் இருக்காது. களித்துகள் தனியாகவும் வருவதில்லை. வயலில் போட்ட பாஸ்பரசும் சில பூச்சிக்கொல்லிகளும் உலோகங்களும் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்து சேரும். அதனால் மண்ணைத் தடுப்பவர் தெரிந்தோ தெரியாமலோ இவற்றில் ஒரு பகுதியையும் தடுத்துவிடுகிறார்.

மேடு முதல் மேடு வரை

கூரையின் முகட்டில் விழும் மழைத்துளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சரிந்தாக வேண்டும். நிலத்திலும் அப்படித்தான். சுற்றிலும் உள்ள மேடுகளின் முகடுகளை ஒரு கோட்டால் இணைத்தால், அந்தக் கோட்டுக்கு உள்ளே விழும் மழையெல்லாம் ஒரே ஓடைக்கு வந்து சேரும். அந்தப் பரப்பு முழுவதும் அந்த ஓடையின் நீர்வடிப்பகுதி. ஓடை அகலம் நான்கு அடியாக இருக்கலாம், அதன் நீர்வடிப்பகுதி பல சதுர கிலோமீட்டர் இருக்கும். உள்ளே காடு, வயல், மேய்ச்சல் நிலம், சாலை, வீடு, கல்குவாரி என்று எது இருந்தாலும் அதன் கணக்கு கடைசியில் ஓடையில்தான் எழுதப்படும்.

எல்லா இடமும் ஒரே அளவு மண்ணைத் தருவதில்லை. அனுபவத்தில் பார்த்தால் பரப்பில் மிகச் சிறிய பகுதிதான் வண்டலில் மிகப் பெரிய பங்கைத் தந்துகொண்டிருக்கும். அந்தச் சிறிய பகுதி எது என்று கண்டுபிடிக்காமல் தொடங்கும் எந்த வேலையும் இருட்டில் கல் எறிவதுதான்.

மண் கிளம்புவது துளியில் தொடங்குகிறது. ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும். வெறும் மண்ணில் விழுந்தால் அது குண்டு விழுந்த மாதிரி. துகள்கள் அரை மீட்டருக்கு மேல் எழும்பும். மழைக்குப் பிறகு சுவரின் அடிப்பகுதியில் தெறித்திருக்கும் செம்மண் புள்ளிகள் அதற்குச் சாட்சி. தெறித்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து மேற்பரப்பில் ஓடு கட்டிவிடும், அடுத்து வரும் மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடும். வழிந்தோடும் நீர் விரல் அகல வரிகளாகத் தொடங்கி, வரிகள் சேர்ந்து வாய்க்கால் ஆகி, கவனிக்காமல் விட்டால் ஆள் நின்றாலும் தலை தெரியாத அரிப்புப் பள்ளமாகிவிடும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை உடைக்க ஒரு சருகு போதும். துளி சருகில் விழுந்தால் மண் அசையாது.

வயலைக் குறை சொல்வது எளிது, பல இடங்களில் அது சரியும்கூட. ஆனால் எனக்குத் தெரிந்து அதிகம் தப்பித்துக்கொள்ளும் குற்றவாளி மண்சாலைதான். இறுகிய தரை, அதில் மழை இறங்காது. வண்டி போகப் போக மேற்பரப்பு பொடியாகும். ஓரத்தில் வெட்டிய வாய்க்கால் அந்தப் பொடியை நேராக ஓடைக்கே கொண்டுபோய்க் கொட்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிளியர்வாட்டர் ஆற்றுப் பகுதிக் காட்டுச் சாலைகளை லெஸ்லி ரீடும் தாமஸ் டன்னும் அளந்து 1984இல் வெளியிட்டார்கள். மரம் ஏற்றும் லாரிகள் நிறைய ஓடிய சாலை, கைவிடப்பட்ட சாலையைவிட 130 மடங்கு வண்டலைத் தந்தது. அதே காடு, அதே சரிவு, அதே மழை. லாரிப் போக்குவரத்து ஒன்றுதான் வேறு.

நானும் ஒருமுறை கொட்டும் மழையில் ஒரு ஓடையைப் பிடித்து மேலே நடந்திருக்கிறேன். முறை எளிது. இரண்டு கிளைகள் சேரும் இடத்தில் நின்று எது கலங்கலாக வருகிறது என்று பார்ப்பது, அந்தக் கிளையைப் பிடித்து மேலே போவது, அடுத்த சேர்க்கையில் மறுபடியும் அதே கேள்வி. எல்லோரும் கைகாட்டிய உழுத வயலைத் தாண்டியும் கலங்கல் தொடர்ந்தது. கடைசியில் கொண்டுபோய் நிறுத்திய இடம், சாலைக்கு அடியில் போட்ட ஒரு சிமென்ட் குழாய். குழாய் சிறிது, முகப்பில் கிளைகள் அடைத்திருந்தன, தண்ணீர் சாலைமேல் ஏறி மறுபக்கக் கரைமண்ணை வெட்டிக்கொண்டிருந்தது. வெயில் நாளில் பத்து முறை போயிருந்தாலும் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

வயல், சாலைக்கு அடுத்து மண் கிளம்பும் மூன்றாவது இடம் ஓடையின் கரைகளே. மேட்டிலிருந்து வந்த மண்ணா, கரை சரிந்து விழுந்த மண்ணா என்று பிரித்தறிய ஓர் அழகான வழி இருக்கிறது. 1950களிலும் 60களிலும் வளிமண்டலத்தில் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகளின் சீசியம்-137 உலகெங்கும் மழையோடு இறங்கி மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டது. ஆழத்தில் உள்ள மண்ணுக்கு அந்த முத்திரை கிடையாது. ஓடை வண்டலில் சீசியம் இருந்தால் அது மேல்தரையிலிருந்து வந்தது, இல்லையென்றால் கரையிலிருந்தோ அரிப்புப் பள்ளத்திலிருந்தோ வந்தது. நாசத்துக்கென்று செய்ததில் இப்படி ஒரு உபயோகம்.

ஓடையின் தராசு

கரை ஏன் திடீரென்று சரியத் தொடங்குகிறது? 1955இல் எமரி லேன் என்ற பொறியாளர் இதற்கு ஒரு தராசைக் காட்டினார். ஒரு தட்டில் வண்டலின் அளவும் துகளின் பருமனும். மறு தட்டில் தண்ணீரின் அளவும் ஓடையின் சரிவும். இரண்டும் சமமாக இருக்கும்வரை ஓடை தன் வடிவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். வண்டல் தட்டு கனத்தால் படுகை மண்மேடிடும். தண்ணீர்த் தட்டு கனத்தால் படுகை வெட்டுப்பட்டுத் தாழும்.

வளைந்து நெளிந்து போகும் ஓடையை ‘ஒழுங்காக’ நேராக்கிவிட்டால் என்ன நடக்கும் என்று இந்தத் தராசை வைத்தே சொல்லிவிடலாம். நீளம் குறைந்தது, இறக்கம் அதே அளவு, ஆகவே சரிவு கூடியது. தண்ணீர்த் தட்டு தாழ்கிறது, ஓடை தன் அடியைத் தோண்டுகிறது. அடி ஆழமானால் கரை செங்குத்தாகி, தன் கனம் தாங்காமல் பாளம் பாளமாக விழுகிறது. நகரம் வளர்ந்தாலும் இதேதான். கட்டுமானம் நடக்கும் சில ஆண்டுகள் வண்டல் தாறுமாறாக ஏறும், எல்லாம் கான்கிரீட் ஆன பிறகு மண் வருவது குறைந்து வெள்ளம் மட்டும் பெருகும், அந்தப் பசித்த வெள்ளம் ஓடையை அகலமாக்கிக்கொள்ளும். அமெரிக்காவின் மேரிலாந்துப் பகுதியை வைத்து எம். கோர்டன் வோல்மன் 1967இலேயே இந்தச் சுழற்சியை விளக்கிவிட்டார்.

பழைய மண், பழைய கடன்

ஓடையோரம் இன்று நாம் பார்க்கும் உயரமான கரைகள் இயற்கையானவை என்று நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 1840 கணக்கெடுப்பின்படி 65,000க்கு மேற்பட்ட நீர்விசை ஆலைகள் இருந்தன. அவற்றுக்காக ஓடைகளின் குறுக்கே கட்டிய சிற்றணைகளுக்குப் பின்னால் நூறாண்டுகளாக மண் சேர்ந்தது. அணைகள் உடைந்த பிறகு ஓடை அந்த மண்ணை வெட்டிக்கொண்டு இறங்கியது. பாடப்புத்தகங்களில் ‘இயல்பான ஓடை’ என்று வரைந்திருந்த ஆழமான, ஒற்றைக் கால்வாய் வடிவம் உண்மையில் ஆலைக்குளத்தின் எச்சம் என்று ராபர்ட் வால்ட்டரும் டோரதி மெரிட்ஸும் 2008இல் காட்டியபோது பலருக்கு அதிர்ச்சி. அங்கே பல இடங்களில் அதற்கு முன்பு இருந்தவை, சேற்று நிலத்தில் பல கிளைகளாகப் பிரிந்து ஆழமில்லாமல் ஓடிய சிறு நீரோட்டங்கள். எதற்குத் ‘திரும்ப’ வேண்டும் என்று தெரியாமல் சீரமைப்புத் திட்டம் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கதை விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் கிரீக் என்ற ஓடையுடையது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்து குடியேறியவர்கள் சரிவில் நேர்க்கோடாக உழுததில், அந்தப் பள்ளத்தாக்கில் மண் மீட்டர் கணக்கில் படிந்தது. 1933இல் அமெரிக்க அரசு தன் முதல் நீர்வடிப்பகுதி மண்காப்புச் செயல்விளக்கத் திட்டத்தை அங்கேதான் தொடங்கியது. சம உயர வரிசையில் உழுவது, பயிரும் புல்லும் மாற்றி மாற்றிப் பட்டைகளாகப் போடுவது, செங்குத்தான காட்டுச் சரிவிலிருந்து மாடுகளை வெளியேற்றுவது என்று எல்லாமே மேட்டு வேலை. பல பத்தாண்டுகள் கழித்து ஸ்டான்லி டிரிம்பிள் என்ற ஆய்வாளர் மறுபடியும் அளந்தபோது, பள்ளத்தாக்கில் மண் படியும் வேகம் 1930களில் இருந்ததில் 6 சதவீதமாகக் குறைந்திருந்தது.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஓடை மிசிசிப்பியில் போய்ச் சேரும் இடத்தில், வெளியேறும் வண்டலின் அளவு 1853 முதல் 1993 வரை பெரிதாக மாறவே இல்லை. மேட்டில் அரிப்பு உச்சத்தில் இருந்த காலத்தில் கிளம்பிய மண்ணில் பெரும்பங்கு பள்ளத்தாக்கிலேயே தங்கிவிட்டது. மேட்டில் அரிப்பு நின்ற பிறகு, அந்தப் பழைய சேமிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஓடை முடியும் இடத்தில் மட்டும் அளந்திருந்தால், அவ்வளவு பெரிய வெற்றியைத் ‘திட்டம் தோல்வி’ என்று எழுதி மூடியிருப்பார்கள்.

என்ன செய்யலாம்?

தரையை மூடிவைப்பதில் தொடங்க வேண்டும். மூடாக்கு, அறுவடைத் தாளை எரிக்காமல் விடுவது, இரண்டு பயிர்களுக்கு இடையில் மூடுபயிர், உழவைக் குறைப்பது என எந்த வழியானாலும் சரி. தரையில் மூன்றில் ஒரு பங்கு மூடியிருந்தாலே அரிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். முழுக்க மூட முடியவில்லையே என்று கைவிட வேண்டாம், முதலில் மூடும் பகுதிதான் அதிகப் பலன் தரும். சரிவுக்குக் குறுக்கே உழுவதும் சம உயர வரப்பும் வழிந்தோடும் நீரின் வேகத்தைக் குறைக்கும். வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: வேகம் இரட்டித்தால் நீர் நகர்த்தக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும்.

அடுத்தது சாலை. நீளமான வாய்க்காலில் தண்ணீரைச் சேர்த்து ஓடைக்கு அனுப்பாமல், சிறிது தூரத்துக்கு ஒருமுறை குறுக்கே திருப்பி, புல்லோ புதரோ உள்ள தரையில் பரவவிட வேண்டும். அங்கேயே மண் இறங்கிவிடும். குழாய்கள் பெருமழைக்குத் தாங்கும் அகலத்தில் இருக்க வேண்டும். மறுபுறம் குழாயின் வாய் படுகையைவிட உயர்ந்து அருவிபோல் கொட்டினால் மீன் அதற்கு மேல் ஏற முடியாது, மேலே எவ்வளவு நல்ல வாழிடம் இருந்தும் பயனில்லை. தேவைப்படாத சாலையைப் பெயர்த்தெடுப்பதே நல்லது. கலிபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்காவில், 1978இல் சேர்க்கப்பட்ட வெட்டுண்ட காடுகளில் அப்படித்தான் செய்தார்கள். பழைய லாரிச் சாலைகளின் இறுகிய தரையைக் கிளறி, ஓடையை மூடிய மண்ணை வாரி, சரிவைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1997இன் பெருமழைக்குப் பின் அளந்ததில், அப்படிப் பெயர்த்த சாலைகள் தந்த மண், தொடாமல் விட்ட சாலைகள் தந்ததில் கால்வாசிதான்.

கரையோரப் புல்பட்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஓடைக்கும் வயலுக்கும் நடுவே சில மீட்டர் அகலத்தில் புல்லும் மரமும் விடுவது அருமையான யோசனை. மணலின் பெரும்பகுதி முதல் சில மீட்டரிலேயே இறங்கிவிடும், களிக்கு இன்னும் அகலம் வேண்டும். ஆனால் தண்ணீர் மெல்லிய போர்வையாகப் பரவி வந்தால்தான் இந்தக் கணக்கு. ஒரே வாய்க்காலாகச் சேர்ந்து வந்தால் பட்டையை வெட்டிக்கொண்டு போய்விடும். மழையில் குடை பிடித்து நின்று, தண்ணீர் எங்கே சேர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பட்டையின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அகலம் என்பது வரைபடத்துக்கு அழகு, ஓடைக்கு அல்ல.

கட்டுமான இடங்களில் கறுப்புத் துணி வேலி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். துணியின் அடியை மண்ணுக்குள் புதைத்தால்தான் அது வேலை செய்யும். துணி காயப்போட்ட கொடிபோலத் தொங்கவிட்டால், தண்ணீர் கீழே குனிந்து போய்விடும்.

கரை சரிந்தால் உடனே கருங்கல் அடுக்க ஆசை வரும். பாலம், வீடு என்று ஆபத்தில் இருந்தால் வேறு வழியில்லை. மற்ற இடங்களில் கல்சுவர் செய்வது, வெள்ளத்தின் வேகத்தை அடுத்த வீட்டுக்காரரின் கரைக்கு அனுப்பும் வேலை. கால்நடைகள் கரையில் ஏறி இறங்காதபடி வேலி போட்டு, தண்ணீர்த் தொட்டியைத் தள்ளிவைத்தாலே பல கரைகள் தாமாக மூடிக்கொள்ளும். செங்குத்துக் கரையைச் சரித்து, ஈரம் எட்டும் ஆழத்தில் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைத் துண்டுகளை, ஊன்றினால் வேரே மண்ணைப் பிடித்துக்கொள்ளும். எளிதில் துளிர்க்கும் அந்தந்த மண்ணுக்குரிய மரங்கள் வேண்டும். வளர்ந்த மரங்கள் நிழல் தரும், நீர் குளிரும், உதிரும் இலை பூச்சிகளுக்கு உணவாகும்.

ஓடைக்குள் விழுந்த மரத்தை என்ன செய்வது? வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1950 முதல் 70கள் வரை, மீன்களுக்குத் தடை என்று சொல்லி ஓடைகளிலிருந்து மரக்கட்டைகளை முனைந்து அகற்றினார்கள். பிறகுதான் அந்தக் கட்டைகளுக்குக் கீழேதான் மடு குடையப்படுகிறது, மேலேதான் சரளை தங்குகிறது, நிழலில்தான் குஞ்சுகள் ஒளிகின்றன என்று புரிந்தது. இப்போது பணம் செலவழித்து மரங்களைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள்.

இதன் நீட்சிதான் பீவர் வழி. பீவர் என்பது மரத்தைக் கடித்து வீழ்த்தி ஓடையில் அணை கட்டும் கொறிவிலங்கு. ஓரெகன் மாநிலத்தின் பிரிட்ஜ் கிரீக், ஆழமாக வெட்டுப்பட்டு வெள்ளநிலத்தோடு தொடர்பு அறுந்த ஓடை. அங்கே மரக்கம்பங்களை வரிசையாக அடித்து, இடையே மெல்லிய கிளைகளைப் பின்னி, பீவர் கட்டும் அணைபோல 121 தடுப்புகளை அமைத்தார்கள். உடைந்தால் உடையட்டும் என்று வேண்டுமென்றே எளிமையாகச் செய்தவை. தண்ணீர் நின்றது, மண் படிந்தது, படுகை உயர்ந்தது, பீவர்கள் வந்து மிச்ச வேலையைத் தாங்களே எடுத்துக்கொண்டன. டிரவுட் இனத்தைச் சேர்ந்த ஸ்டீல்ஹெட் மீன்குஞ்சுகள் பிழைக்கும் அளவு 52 சதவீதம் கூடியதாக 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பீவர் இல்லாத நாடுகளில் பீவரைக் கொண்டுவிடச் சொல்லவில்லை. தண்ணீரை மெதுவாக்கி, வெள்ளத்தைப் பக்கத்து நிலத்தில் ஏறிப் பரவவிட்டால் மண் அங்கே இறங்கிவிடும் என்பதே இங்கே உள்ள விஷயம்.

தூர்வாருவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேட்டில் மண் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கீழே இயந்திரம் இறக்கி ஓடையைத் தோண்டுவது, தும்பை விட்டு வாலைப் பிடிப்பது. அடுத்த மழையில் பள்ளம் நிரம்பிவிடும். தோண்டிய இயந்திரம் மடு, சரளை, வேர் எல்லாவற்றையும் சேர்த்து வாரியிருக்கும். படம் எடுக்க நன்றாக இருக்கிறது என்பதாலோ என்னவோ, முதல் ஒதுக்கீடு அநேகமாக இதற்குத்தான் போகிறது.

அளப்பது

ஓடை ஓர் ஆண்டு முழுக்கச் சுமக்கும் வண்டலில் பெரும்பகுதி சில மழை நாட்களில் போய்விடும். மாதம் ஒருமுறை, வானம் தெளிந்த காலையில் மாதிரி எடுத்தால் ஓடை எப்போதும் நலமாகவே தெரியும். மழையின்போது எடுக்க வேண்டும், வெள்ளம் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. அடியில் கறுப்பு வெள்ளை வட்டு ஒட்டிய நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று போதும். தண்ணீரை ஊற்றி, வட்டு மறையும் உயரத்தைக் குறித்துக்கொள்வது. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கிக் கடலின் தெளிவை அளந்ததன் சின்ன வடிவம் இது. வேலைக்கு முன் இரண்டு மழைக்காலமாவது அளந்து வையுங்கள், பக்கத்தில் வேலை நடக்காத ஓர் ஓடையையும் சேர்த்து அளங்கள். இல்லாவிட்டால் மழை குறைந்த ஆண்டின் தெளிவைத் திட்டத்தின் வெற்றியாக எழுதிவிடுவோம்.

வேலை நடந்த முதல் ஆண்டில் ஓடை முன்பைவிடக் கலங்கி ஓடலாம். சாலையைப் பெயர்த்திருக்கிறோம், கரையைச் சரித்திருக்கிறோம், புல் இன்னும் பிடிக்கவில்லை. அப்போது எடுத்த படத்தை வைத்து யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம். வேர் இறங்க மூன்று நான்கு மழைக்காலம் கொடுத்துவிட்டு, முன்பு குறித்துவைத்த அதே இடத்தில் இறங்கி, அதே அளவுக் கல்லைத் தூக்குங்கள். ‘சளக்’ சத்தம் இல்லாமல் எழுந்து வருகிறதா, அடியில் மணல் கூடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த பக்கமாகவே, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.